காவலுக்கு வளர்க்கும் நாய்க்குட்டியைத் தனித்திருக்கப் பழக்குதல்

நானுஓயாவையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் சார்ந்த மரக்கறிச் செய்கையாளருக்குக் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் விளைக்கும் சேதத்தைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மூன்று மாதம் உரமிட்டு, மண் அணைத்து, மருந்தடித்துக் காத்த உருளைக்கிழங்குப் பாத்தியை ஒரே இரவிற் கிளறி எறிந்துவிட்டுப் போகும் விலங்குகள் அவை. கொத்மலை, வலப்பனைப் பகுதிகளில் நெற்செய்கையில் ஈடுபட்டோரும், கதிர் முற்றும் நாட்களிற் காவற்குடிலில் விழித்திருந்தே பொழுதைக் கழிக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் செலவு குறைந்த துணையாக இருந்து வருவது நாய். ஆயினும், விதையைத் தெரிவு செய்வதிலும் நாற்றுமேடை அமைப்பதிலும் நாம் செலுத்தும் கவனத்தில் ஒரு சிறு பங்கையேனும் அந்நாயைக் குட்டிப் பருவத்தில் வளர்ப்பதிற் செலுத்துகிறோமா என்பது ஐயமே.

பெரும்பாலும் நடப்பது யாதெனில், கண் திறந்து சில நாட்களேயான குட்டி ஒன்று யாரிடமிருந்தோ கிடைக்கிறது. அதனை ஒரு சாக்கிலிட்டுக் கொண்டுவந்து, இஸ்தோப்புத் தூணிலே தும்புக் கயிற்றாற் கட்டிவிடுகின்றனர். மறுநாட் காலையில் வீட்டிலுள்ளோர் பெரட்டுக்கும், பிள்ளைகள் பாடசாலைக்கும், மற்றையோர் மரக்கறித் தோட்டத்துக்குமாகப் போய்விடுகின்றனர். மாலையிற் கொழுந்து நிறுத்து முடித்து அவர்கள் திரும்பும் வரையில் குட்டி அலறிக்கொண்டே கிடக்கிறது. லயத்தில் அடுத்த காம்பராவில் உள்ளோர் முறையிடுகின்றனர், சண்டையும் மூளுகிறது. பத்துப் பதினைந்து நாட்களுக்குள் குட்டி கயிற்றைக் கடித்துக்கொண்டு ஓடிப்போகிறது. அல்லது அஞ்சியஞ்சி, கண்டோரையெல்லாம் கடிக்கும் நாயாக வளர்கிறது. ‘குட்டியின் சாதி சரியில்லை’ என்று கூறி வேறொன்றைக் கொண்டுவருகின்றனர். அதற்கும் அதே தூண், அதே கயிறு.

குட்டியின் சாதியில் யாதொரு குறையும் இல்லை. தனித்திருத்தல் என்பது நாய்க்கு இயல்பாக வருவதன்று, பழக்கத்தால் வருவது. கோவா நாற்றை மேடையிலிருந்து பிடுங்கி நேரே கடும் வெயிலில் நட்டால் அது வாடிப் போகும் என்பதை நாம் அறிவோம். ஆகவே, நடுவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே நிழலைச் சிறிது சிறிதாக நீக்கியும், நீரைக் குறைத்தும் அதனை வன்மைப்படுத்துகிறோம். குட்டிக்குச் செய்ய வேண்டுவதும் ஏறத்தாழ இதுவே.

குட்டி ஏன் அலறுகிறது?

தாயின் வெதுவெதுப்பிலும் உடன்பிறந்த குட்டிகளின் நெருக்கத்திலும் கிடந்த உயிர் அது. காட்டிலே கூட்டத்தைப் பிரிந்த நாய்க்குட்டி பிழைப்பதரிது; ஆகையால், தனித்துவிடப்பட்டதும் குரலெழுப்பித் தன்னைச் சார்ந்தோரை அழைப்பது அதன் பிறவிக் குணம். அதனை அடம் என்றோ, கெட்ட பழக்கம் என்றோ கருதுதல் தவறு.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில் எலியட், ஸ்கொட் என்னும் இருவர் குட்டிகளைத் தாயிடமிருந்தும் கூட்டத்திலிருந்தும் சிறிது நேரம் பிரித்து வைத்து, அவை எழுப்பும் குரலைக் கணக்கிட்டு 1961ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தனக்குப் பழக்கமான அடைப்பில் தனித்துவிடப்பட்ட குட்டியை விட, முன்பின் அறியாத அடைப்பில் தனித்துவிடப்பட்ட குட்டி மிகக் கூடுதலாக அலறியது. நம்மவர் செய்வது இவ்விரண்டாவது வகை அன்றோ? புதிய வீடு, புதிய மணம், புதிய கயிறு, அதற்கு மேல் தனிமை. இத்தனையும் ஒரே நாளில் அதன் தலைமேல் விழுகின்றன. ஸ்கொட் என்பவரே புல்லர் என்பாருடன் சேர்ந்து 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பிறந்து 3 வாரம் முதல் ஏறத்தாழ 12 வாரம் வரையுள்ள பருவமே நாய் தன் உறவையும் சுற்றத்தையும் அறிந்துகொள்ளும் முக்கிய பருவம் என விளக்கப்பட்டுள்ளது. அப்பருவத்திற் பதிந்த அச்சம் பின்னர் எளிதில் நீங்குவதில்லை.

எப்போது கொண்டுவருவது?

8 வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தலாகாது. ‘சிறிதாக இருக்கும்போதே எடுத்தால்தான் நம்மிடம் ஒட்டும்’ என்று முதியோர் பலர் கூறுவர். 8 வாரக் குட்டியும் நன்றாகவே ஒட்டும். அத்துடன், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி கத்தும் என்பதைக் கூட்டத்திலேயே கற்றுக்கொண்டு வரும். தாய் இருக்கும் இடம் அண்மையிலாயின், எடுத்து வருவதற்கு ஒரு வாரம் முன்பே பழைய சாக்குத் துண்டு ஒன்றை அத்தாயின் படுக்கையில் இட்டு வைத்து, குட்டியுடன் அதனையும் கொண்டுவருதல் நலம். அதனைத் துவைக்கலாகாது. அதிலுள்ள மணமே முதற் சில இரவுகளில் குட்டிக்குத் தாயாக இருக்கும்.

வேலை நெருக்கடியான நாட்களில் குட்டி கொண்டுவருதல் வேண்டாம். ஒரு போக அறுவடை முடிந்து அடுத்த நடுகைக்கு நிலம் பண்படுத்தும் இடைக்காலமோ, பாடசாலை விடுமுறை தொடங்கும் வாரமோ பொருத்தமானது. தீபாவளிக்கு முந்திய வாரம் முற்றிலும் பொருந்தாது. வெடிச் சத்தத்தை முதன்முதல் தனிமையிற் கேட்ட குட்டி, அதன்பின் தனிமையையும் வெடியையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்ளும்.

இருப்பிடம்

நானுஓயா கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேற்பட்ட ஊர். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் பகுதியில் நிலத்தில் உறைபனி படியும் இரவுகளும் உண்டு. இவ்விடத்தில் 8 வாரக் குட்டியை வெளியே கிடத்துதல் கொடுமை மட்டுமன்று, நட்டமுமாகும். மரக்கறி அனுப்பும் பலகைப் பெட்டி ஒன்றை எடுத்து, ஆணிகளை அகற்றி, ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, நிலத்திலிருந்து 4 அங்குலம் உயரக் கற்களின் மீது வைக்க வேண்டும். அடியில் உலர்ந்த மானாப்புல்லும் அதன் மேல் தாயின் மணமுள்ள சாக்கும் இடலாம். சுடுநீர் நிரப்பி நன்றாக மூடிய போத்தல் ஒன்றைத் துணியிற் சுற்றி ஓரத்தில் வைத்தால் விடியும் வரையில் ஓரளவு வெப்பம் இருக்கும்.

முதல் வாரத்தில் இப்பெட்டி வீட்டார் உறங்கும் காம்பராவுக்குள்ளேயே இருத்தல் வேண்டும். இடம் நெருக்கமாயின் அடுப்படியிலே வைக்கலாம். ஆனால் நெருப்பு அணைந்திருக்க வேண்டும். இரவிற் குட்டி எழுந்து முனகினால், சிறுநீர் கழிக்க வெளியே எடுத்துச் சென்று, விளையாட்டுக் காட்டாமல் மீண்டும் பெட்டியிற் கிடத்துக. நாட்செல்லப் பெட்டியை ஒவ்வோர் அடியாகக் கதவை நோக்கி நகர்த்தலாம்.

பகலிற் கயிற்றாற் கட்டுவதைவிட அடைப்பே சிறந்தது. வாசலுக்குக் குறுக்கே 2 அடி உயரப் பலகை ஒன்றை வைத்தாற் போதும். தனித்துள்ள குட்டியின் கழுத்திற் கயிறு இருத்தல் பேராபத்து. சரிவான நிலத்தில் அது வரம்பின் கீழே வழுகித் தொங்கி இறப்பதுண்டு.

பழக்கும் முறை

முதல் மூன்று நாட்கள் குட்டியைத் தனியே விடுதல் வேண்டாம். அவ்விடத்தை அது தன் வீடு என அறியட்டும். உணவை அடைப்புக்குள்ளேயே கொடுக்க வேண்டும். அது உண்டு, சிறுநீர் கழித்து, விளையாடிக் களைத்துக் கண் சொருகும் வேளையே பாடம் தொடங்குவதற்கு ஏற்ற வேளை. பசித்த குட்டிக்கும் துள்ளி விளையாடும் குட்டிக்கும் இப்பாடம் ஏறாது.

நான்காம் நாள் பலகைக்கு வெளியே சென்று, பத்து எண்ணும் அளவு நின்று திரும்புக. குட்டி அழுமுன் திரும்புதலே இதன் உயிர்நாடி. பின்னர் முப்பது எண்ணும் அளவு, பின்னர் அறுபது. இவ்வாறு ஒரு நாளில் ஏழெட்டு முறை செய்யலாம். மணிக்கூடு பார்த்துச் செய்யும்படி நாம் கூறவில்லை. வீட்டு வேலைகளே நல்ல அளவுகோல். இஸ்தோப்பைக் கூட்டி முடிக்கும் நேரம் ஒரு படி. பீலிக்குச் சென்று ஒரு குடம் நீர் கொண்டுவரும் நேரம் அடுத்த படி. அடுப்புக்கு விறகு பொறுக்கி வரும் நேரம் அதற்கும் அடுத்தது. பின்னர் பீலியிலே துணி துவைத்து முடிக்கும் நேரம். ஒரு படியில் மூன்று நாள் அமைதியாக இருந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். அழுதால் முந்திய படிக்கு இறங்குதல் வேண்டும். இடையிடையே நீண்ட நேரத்தின் பின் மிகக் குறுகிய நேரமும் வருமாறு மாற்றிச் செய்தால், ஒவ்வொரு முறையும் பிரிவு நீண்டுகொண்டே போகிறது என்று குட்டி கணக்கிடாது.

குட்டிகள் நம்மைக் கவனிக்கும் கூர்மை வியப்புக்குரியது. படங்கை இடுப்பிற் கட்டியதும், கொழுந்துக் கூடையை எடுத்ததும், சப்பாத்தைப் போட்டதும் தாம் தனித்துவிடப்படப் போவதை அவை அறிந்துகொள்ளும். நாம் படியிறங்குமுன்பே நடுங்கத் தொடங்கும். ஆகவே, வேலையில்லாத நேரத்திற் கூடையை எடுத்துக் கீழே வைத்தும், படங்கைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தும் அப்பொருட்களின் அச்சத்தைப் போக்க வேண்டும். காண்போர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், நான்கு நாளிற் பலன் தெரியும்.

செல்லும்போது குட்டியைத் தூக்கிக் கொஞ்சி விடைபெறுதல் வேண்டாம். திரும்பி வந்ததும் ஓடிச்சென்று அணைத்தலும் வேண்டாம். பாத்திரத்தை வைத்துக் கைகழுவிய பின், அது அமைதியாக நிற்கும்போது தடவிக்கொடுத்தாற் போதும். போவதும் வருவதும் பெரிய காரியமல்ல என்பதை நம் நடத்தையே அதற்குக் கூற வேண்டும்.

செல்லும்போது கடிப்பதற்கு ஏதேனும் கொடுத்துச் செல்க. நம்மூரிற் கரட்டுக்குக் குறைவில்லை. சந்தைக்கு ஆகாத பருமனான கரட் ஒன்றை நன்றாகக் கழுவி முழுதாகக் கொடுக்கலாம். சிறு வட்டங்களாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும். சமைத்த கோழியெலும்பு உடைந்து குடலைக் குத்துமாதலால் அதனை விலக்குக.

கூட்டமொன்றில் மரக்கறிச் செய்கையில் ஈடுபட்ட தாயார் ஒருவர், “ஐயா, அழும்போதெல்லாம் போய்ப் பார்த்தால், அழுதால் ஆள் வரும் என்று அது பழகிவிடாதா?” என வினவினார். “அம்மா, உங்கள் பிள்ளை தூக்கத்திற் சிணுங்குவதையும், விழுந்து அலறுவதையும் நீங்கள் வேறுபடுத்தி அறிவீர்கள் அல்லவா? அவ்வாறே இதனையும் அறிய வேண்டும்” என்பதே நாம் கூறிய விடை. சிணுங்கல் இரண்டொரு நிமிடத்தில் தானே ஓயும். அதற்குச் செல்ல வேண்டுவதில்லை. குரல் உயர்ந்துகொண்டே போதல், வாயிலிருந்து எச்சில் வழிதல், வைத்த உணவைத் தொடாமை, நகம் தேயப் பலகையைப் பிறாண்டுதல், சற்று முன் வெளியே போய்வந்திருந்தும் மீண்டும் சிறுநீர் கழித்தல் ஆகியவை பேரச்சத்தின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் உடனே செல்ல வேண்டும். ‘அழுது ஓயட்டும்’ என்று விட்டால் அது ஓயும். ஓய்வது பழக்கத்தால் அன்று, களைப்பால். மறுநாள் இன்னும் விரைவாக அலறத் தொடங்கும்.

திரும்பி வரும்போது சிறுநீரோ கிழிந்த சாக்கோ கிடப்பின், குட்டியை அடிப்பதும் மூக்கை அதிலே தேய்ப்பதும் பயனற்றவை. ஒரு மணி நேரம் முன்பு செய்ததற்காக அடிபடுகிறோம் என்பதை அது உணராது. எசமான் வந்தால் அடி விழும் என்பதை மட்டுமே உணரும். அப்போது தனிமைக்கு அஞ்சுவதுடன் உங்கள் வருகைக்கும் அஞ்சும்.

நாள் முழுவதும் வேலைக்குச் செல்வோர்

‘இவ்வளவுக்கும் நமக்கு நேரமேது?’ என்பது நியாயமான கேள்வி. 2 மாதக் குட்டி பகலில் 2 மணி நேரத்துக்கு மேல் தனித்திருக்க முடியாது. சிறுநீரை அடக்கவும் அதற்கு இயலாது. 4 மாதத்தில் 3, 4 மணி நேரமும், 6 மாதத்துக்குப் பின் அரை நாளும் பழக்கலாம். ஆகையால், முதல் இரண்டு மாதங்களுக்கு ஓர் ஒழுங்கு அவசியம். வேலையிலிருந்து ஓய்வுபெற்று லயத்திலே இருக்கும் பாட்டி அல்லது தாத்தா ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைத்து, காலையில் ஒரு முறை குட்டியை எடுத்து வெளியே விடும்படி கேட்கலாம். பகற் சாப்பாட்டுக்கு வருபவர் அடுத்த முறையைப் பார்த்துக்கொள்ளலாம். பாடசாலை விட்டு வரும் பிள்ளை மூன்றாம் முறையை ஏற்கலாம். அயலவரை இவ்வாறு சேர்த்துக்கொண்டால், சத்தத்தைப் பற்றிய முறைப்பாடும் பெரும்பாலும் எழாது. தாம் உணவூட்டிய குட்டியின் மீது யாரும் வழக்குக் கூறுவதில்லை. இத்தகைய உதவிக்கு ஒருவரும் இல்லாத வீட்டார் குட்டி வளர்ப்பதைத் தள்ளிப்போட்டு, ஒரு வயது கடந்த அமைதியான நாயைப் பெறுவதே அறிவுடைமை.

துணைக்கு இரண்டு குட்டிகளை ஒன்றாக வளர்க்கலாமே என்பர் சிலர். அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமேயன்றித் தனித்திருக்கக் கற்பதில்லை. ஒன்று நோயுற்றால் மற்றது பித்துப் பிடித்தாற்போல் அலையும். தீனிச் செலவும் இருமடங்கு.

தனித்துள்ள குட்டிக்கு நேரும் ஆபத்துக்கள்

முதலாவது சிறுத்தை. மலைநாட்டுத் தோட்டங்களிற் சிறுத்தை இரவில் லயங்களுக்கு அண்மையில் வந்து நாயைத் தூக்கிச் செல்வது எவரும் அறியாததன்று. வெளியே கட்டப்பட்டு அலறும் குட்டி, இருளில் அதற்கு விடுக்கும் அழைப்பே ஆகும். பொழுது சாய்ந்ததும் குட்டி உள்ளே இருத்தல் வேண்டும். நாயை இழந்த ஆத்திரத்திலோ, காட்டுப்பன்றியைப் பிடிக்கும் எண்ணத்திலோ சுருக்குக் கம்பி வைத்தல் சட்டத்துக்கு மாறானது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் மஸ்கெலியாவை அடுத்த நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அத்தகைய கம்பியில் அகப்பட்டு, மீட்கப்பட்ட பின்னும் இறந்தது. அதே கம்பி அவிழ்ந்தோடிய குட்டியின் கழுத்தையும் பிடிக்கும்.

அடுத்தது, எசமானைத் தேடி ஓடுதல். 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதையும், நுவரெலியாவுக்குச் செல்லும் பெருந்தெருவும் நம் லயங்கள் பலவற்றுக்கு எட்டிய தூரத்திலேயே உள்ளன. தனிமைக்குப் பழகாத குட்டியே பலகையைத் தாண்டி ஓடும், பழகியது உறங்கும்.

கிருமிநாசினிப் போத்தல்கள், நத்தைக்கும் எலிக்கும் வைக்கும் நச்சிரை, உரச்சாக்கு ஆகியவை உள்ள கொட்டிலில் குட்டியை ஒருபோதும் அடைக்கலாகாது. நம் பகுதியிற் பலர் அறியாத மற்றொன்றையும் கூற வேண்டும். லீக்ஸ், வெங்காயம், உள்ளி ஆகியவை நாய்க்கு நஞ்சு. அவை நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். சமைத்தாலும் அக்குணம் நீங்குவதில்லை. அறுவடையிற் கழித்த லீக்ஸ் தாள்களைக் குட்டியின் அருகே குவித்து வைப்பதும், வெங்காயம் இட்ட கறியைச் சோற்றிற் பிசைந்து வைப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கும் முளையும் அவ்வாறே.

விசர்நாய் நோய் பற்றித் தனியே கூறுதல் அவசியமாகும். ஓடித்திரியும் குட்டி கட்டாக்காலி நாய்களுடன் சேர்கிறது. அவற்றாற் கடிபட்டால் நோய் வீட்டுக்குள் வந்துவிடும். குட்டியாயினும் இந்நோயைப் பரப்பும். குட்டியைக் கொண்டுவந்த வாரத்திலேயே அண்மையிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்திலோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தடுப்பூசி ஏற்றும் நாளைக் கேட்டறிந்து, அதன்பின் ஆண்டுதோறும் தவறாமல் ஏற்றுவிக்க வேண்டும். அமைதியாக இருந்த குட்டி திடீரெனக் குணம் மாறி, இருளில் ஒதுங்குவதையும், காரணமின்றிக் கடிப்பதையும், விழுங்க இயலாது எச்சில் வடிப்பதையும் தனிமை ஏக்கம் என எண்ணிக் கையால் தொடுதல் கூடாது. குட்டி கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பல் பட்டது சிறிய கீறல்தானே என்று பொழுதைப் போக்கியோர் உயிரிழந்ததுண்டு. நோய்க்குறி தோன்றிய பின் மருந்து பயன்படாது.

தோட்டக் காவலுக்கு

6 மாதம் வரையில் மரக்கறித் தோட்டத்திற் குட்டியை இரவு தங்க வைத்தலாகாது. பகலில் உங்களுடன் வந்து, பாத்திகளின் எல்லையையும், மம்பட்டியின் ஓசையையும், அயலாரின் மணத்தையும் அறிந்துகொள்ளட்டும். வீட்டிற் பயன்படுத்திய அதே பெட்டியையும் சாக்கையும் காவற்குடிலுக்குக் கொண்டுசென்று, நீங்கள் களை பிடுங்கும் வேளையில் அதற்குள்ளே படுக்க விடுக. அங்கும் பாடத்தைப் பத்து எண்ணும் அளவிலிருந்தே தொடங்க வேண்டும். வீட்டிற் பழகியது தோட்டத்துக்குத் தானாக வந்துவிடாது. ஆயினும் இம்முறை படிகள் விரைவாக ஏறும்.

ஒரு வயது நிரம்பிய பின் இரவுக் காவலுக்கு அழைத்துச் செல்லலாம். சிறுத்தை நடமாட்டமுள்ள இடங்களில் அப்போதும் நாயை மட்டும் தனியே விடாது, குடிலில் ஆளும் உடனிருத்தல் வேண்டும். குடிலுக்குக் கதவும் வேண்டும். தனிமைக்கு அஞ்சாத நாய் காற்றுக்கும் இலையசைவுக்கும் குரைப்பதில்லை. ஆகவே அது குரைக்கும்போது எழுந்து விளக்கை எடுத்துச் சென்று பார்க்கலாம். முதற் சில இரவுகளில் நீங்கள் குடிலுக்கு உள்ளும் வெளியும் இரண்டொரு முறை போய்வந்து, நாய் தலையைத் தூக்காமற் படுத்திருக்கிறதா என்று கவனித்துக்கொள்க.